நூற்றெட்டு ராத்தல்

வீட்டு மோட்டார் கொட்டகையில் ஆகாய விமானம் கட்டுகிறேன் என்று சொன்னால் நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பீர்கள். தாராளமாகப் பாருங்கள், எனக்குப் பழகிவிட்டது. நான் குடியிருக்கும் அமெரிக்காவில் இது அப்படியொன்றும் அதிசயமில்லை. பால் போபரெஸ்னி என்பவர் 1953-லேயே இத்தகைய பேர்வழிகளுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்துவிட்டார். பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ தன் கையால் செய்தவனுக்கு, அதைப் பரீட்சார்த்த விமானமாகப் பறக்கவிட சர்க்கார் அனுமதி கொடுக்கிறது. இங்கே ஆரிகன் மாகாணத்தில் உள்ள வான்ஸ் கம்பெனியின் பெட்டிகளை வாங்கிக் கட்டிப் பறந்தவை மட்டும் 10,000-க்கு அதிகம்.

நான் கட்டுவது அவர்களுடைய ஆர்.வி.7. இரண்டு பேர் அருகருகே உட்காரும் அலுமினியப் பட்சி. வால் ஒரு பெட்டி, இறக்கை ஒரு பெட்டி, உடல் ஒரு பெட்டி என்று தவணை தவணையாக வரும். ரிவெட் அடிக்கப் பொறுமை இருந்தால் அதுவரை கவலையில்லை. பெட்டியில் இல்லாத சாமான்களில்தான் தலைவேதனை ஆரம்பமாகிறது. என்ஜின், புரொப்பெல்லர், கருவிகள், விளக்குகள், ஆசன உறை எல்லாம் நாமாகவே பொறுக்கியெடுக்க வேண்டும். விலைப்பட்டியலைப் பிரித்தால், கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போன கதைதான். ஒவ்வொன்றும், "நான் இல்லாமலா?" என்று கண் சிமிட்டுகிறது.

நான் சிவப்பு மையால் கோடிட்டு வைத்திருந்த பட்டியலை என் மனைவி ஒரு நாள் சாயங்காலம் நிதானமாகப் படித்தாள். படித்துவிட்டு, "எல்லாம் சரிதான். இதில் நான் எங்கே உட்காருவது?" என்று கேட்டாள்.

விளையாட்டுக் கேள்வி அல்ல, ஸார்! கணக்கைப் பாருங்கள். கிளம்பும்போது இந்த விமானத்தின் மொத்த எடை 1,800 ராத்தலைத் தாண்டக் கூடாது. அடக்கமாகக் கட்டினால் வெறும் விமானம் சுமார் 1,100. நாற்பத்திரண்டு காலன் பெட்ரோல், காலனுக்கு 6 ராத்தல் வீதம், 252. ஆளுக்கு 170 ராத்தல் என்று வைத்து இரண்டு பேர் 340. மிச்சம் 108. மங்களமான எண்தான். ஆனால் கடையில் வாங்கும் ஒவ்வொரு ஆடம்பரமும் இந்த நூற்றெட்டில்தான் கை வைக்கிறது. அதுவும் தீர்ந்தால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும், அல்லது மனைவியை இறக்கிவிட வேண்டும். எங்கள் பெண்ணோ காஸ்கேட் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். பேரக் குழந்தையைப் பார்க்கப் போகாத விமானம் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் பட்டியல் மறுபடி பிரிக்கப்பட்டது. தோல் ஆசன உறையும் கம்பளமும் முதலில் போயின. இரண்டாவது கண்ணாடித் திரை போயிற்று. கருவிகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன்: இன்றைக்கு வாங்கும் மின்னணுத் திரை விமானம் முடிவதற்குள் கிழடாகிவிடும். ஆகையால் அதைக் கடைசியில் வாங்குவதே புத்திசாலித்தனம். இறக்கைக்குள் போகும் சமாசாரம் வேறு. வேகம் அளக்கும் குழாயில் பனி உறையாமல் சூடாக்கும் ஏற்பாடு எனக்கு இப்போது தேவையில்லை. பகலில், தெளிந்த வானத்தில் பறக்கவே உத்தேசம். இருந்தாலும் தகட்டை மூடிவிட்டால் பிறகு கம்பி இழுப்பது பெரும்பாடு. அதனால் வெற்றுக் குழாய் ஒன்றை மட்டும் உள்ளே ஓட்டி வைத்துவிட்டேன்.

சிலவற்றில் நமக்குப் பேச்சே இல்லை. விமானம் தான் இருக்கும் இடத்தை ஒலிபரப்பும் கருவி, நெரிசலான வான்பகுதிகளில் 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். விபத்து நேர்ந்தால் தானாகக் கூவும் ரேடியோவும் இரண்டு ஆசன விமானத்துக்குக் கட்டாயம். இதில் பழைய ரகம் முன்பு மலிவாகக் கிடைத்தது. ஆனால் அதன் குரலைச் செயற்கைக் கோள்கள் கேட்பது 2009-லேயே நின்றுவிட்டது. மலை தாண்டுகிறவன் புது ரகத்துக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும். என்ஜின் புகையின் விஷ வாயுவைக் கண்டு எச்சரிக்கும் கருவியைச் சட்டம் கேட்கவில்லை, நான் கேட்டேன். கையளவு சாமான், விலையும் சொற்பம். இதை விட்டுவிட்டு ஆசனத்துக்குத் தோல் தைக்கிறவர்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை அச்சில் போட முடியாது.

பெரிய சண்டை புரொப்பெல்லரில்தான். நிலையான ரகம் ஒரே கியரில் ஓடும் மோட்டார் போல, லேசு, மலிவு. மற்றதில் இலைகள் பறக்கும்போதே கோணத்தை மாற்றிக் கொள்ளும். கிளம்பும்போது ஒரு கோணம், ஓடும்போது வேறு கோணம். விலையும் அதிகம், பாரமும் அதிகம். நான் பணத்தை நினைத்துத் தயங்கினேன்.

"எது மலை மேல் சீக்கிரம் ஏறும்?" என்றாள்.

"பாரமானதுதான்."

"அப்போ அதை வாங்குங்கள். ஊறுகாய் ஜாடியை நான் குறைத்துக் கொள்கிறேன்."

வாங்கியாயிற்று. இன்னும் ஒரு தடை பாக்கி. முடிந்த விமானத்தை முதல் 25 அல்லது 40 மணி நேரம் சோதித்துப் பறப்பது இங்கே வழக்கம். அப்போது பிரயாணிகளை ஏற்றக் கூடாது. முழுப் பாரத்தையும் சோதிக்க வேண்டுமே, அதற்குப் பக்கத்து ஆசனத்தில் மணல் மூட்டையைக் கட்டி வைப்பார்கள். மூட்டையை எத்தனை ராத்தலுக்குத் தைக்கட்டும் என்று நேற்று அவளிடம் கேட்டேன். பதில் இன்னும் வரவில்லை.