புழங்காத காசு

அம்மாவின் பூஜைப் பெட்டியில் ஒரு வெள்ளி ரூபாய் இருந்தது. ஒரு பக்கம் விக்டோரியா, மறுபக்கம் 1862. வருஷா வருஷம் திருக்கார்த்திகையன்று, மலைமேல் தீபம் தெரிவதற்கு முன் அதை எடுத்து விபூதி போட்டுத் தேய்ப்பாள். ராணியின் கன்னம் மழுங்கிப்போயிருந்தது. என்ன வேண்டுதலுக்கு முடிந்துவைத்த காசு என்று அவள் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அவள் போன பிறகு தம்பி அதை விற்றுவிடலாம் என்றான். அவனுக்குப் பணமுடை. பழங்காசு லட்சத்துக்குப் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாணயம் சேர்க்கும் ஒருவரிடம் நான்தான் எடுத்துப் போனேன். விளக்கைச் சாய்த்துவைத்து பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

“தேச்சிருக்காங்க சார். முழுக்கக் கீறல். வெள்ளி விலைதான்.”

வருஷமும் உதவவில்லை. 1862 என்ற எண்ணையே 1874 வரை பொறித்துக்கொண்டிருந்தார்களாம். 1939-ம் வருஷ வெள்ளி ரூபாய் போல அரிதானதென்றால் தேய்ந்திருந்தாலும் மதிப்புண்டு. சாதாரணக் காசுக்குத் தேயாமை ஒன்றுதான் மதிப்பு.

அவர் கையாண்ட அளவுகோல் அமெரிக்காவில் பிறந்தது. வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-ல், பழைய அமெரிக்க சென்ட் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஒரு வரிசை அமைத்தார். இன்ன காசு என்று அடையாளம் மட்டும் தெரிந்தால் 1. குறையே இல்லாவிட்டால் 70. முதலில் இது விலைக் கணக்குதான்: 70-க்கு 1-ஐப் போல் எழுபது மடங்கு விலை. விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்தது, எண்கள் நின்றுவிட்டன. 1986-ல் பி.சி.ஜி.எஸ்., 1987-ல் என்.ஜி.சி. என்று தரம் பிரிக்கும் நிறுவனங்கள் வந்தன. காசைப் பார்த்து, எண் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டியில் முத்திரையிட்டுத் தருகிறார்கள். 64-க்கும் 65-க்கும் நடுவே சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது; விலை பல மடங்கு மாறிவிடுவதுண்டு. தேய்த்துத் துலக்கிய காசுக்குப் பொதுவாக எண்ணே கிடையாது. துலக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டும்.

இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. வாங்கும்போது தேய்ந்த காசு, விற்கும்போது புதுக்காசு என்பது வியாபாரியின் பழைய வித்தை. போலிகளும் ஏராளம். லாப நஷ்டத்தில் பங்கில்லாத மூன்றாவது மனிதர் ஒருவர் பார்த்துச் சொல்வது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஷெல்டனையும் மறக்க முடியவில்லை. மனோதத்துவக்காரரான அவர், மனித உடல்களையும் 1 முதல் 7 வரை மூன்று எண்களால் தரம் பிரித்தவர். அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து உயர்ந்த சென்ட்களை எடுத்துக்கொண்டு தாழ்ந்தவற்றை அந்த இடத்தில் வைத்தவர் என்பது, 1977-ல் அவர் இறந்த பிறகு வெளிவந்தது. அதனால் அளவுகோல் பொய்யாகிவிடாது. அளவுகோலைச் செய்த கை எது என்று தெரிந்துகொள்வதில் தவறும் இல்லை.

அம்மாவின் ரூபாயை அந்த நிறுவனங்களுக்கு அனுப்ப நினைத்தாலும் முடியாது. நூறு வருஷம் கடந்த நாணயம் 1972-ம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். தனி மனிதர் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. காசு கடல் தாண்டாது. அளவுகோல் தாண்டி வந்துவிட்டது.

60-லிருந்து 70 வரை பதினோரு படிகளும் புழங்காத காசுகளுக்கே. யார் கையிலும் ஏறாதது, உப்புக்கும் புளிக்கும் மாறாதது, உண்டியலில் விழாதது. காசாக வாழவே வாழாத காசு முழுமையான காசு. இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. முந்நூறு பிரதி அச்சிட்டு, அதில் பாதி கட்டுப் பிரிக்காமல் கிடப்பதையே தூய்மை என்று நம்முள் யார் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை? வெகுஜனக் கை பட்டால் எழுத்து மழுங்கிவிடும் என்று நானும் எழுதியிருக்கிறேன்.

வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே போட்டுத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு ரூபாயை நானே வைத்துக்கொண்டேன். அவன் ஏமாற்றத்தை மறைக்கவில்லை. பெரிய விலை கிடைத்து நான் மறைக்கிறேனோ என்றுகூட நினைத்திருக்கலாம்.

இந்தத் தீபத்தன்று பெட்டியைத் திறந்தேன். விபூதி எடுத்தேன். தேய்த்தால் கெடுக்கிறேன், தேய்க்காவிட்டால் அம்மாவின் காசைச் சேகரிப்பாக்கிவிடுகிறேன். மாடியில் அரோகரா கேட்டது. தேய்த்துவிட்டேன். பிறகு, அந்தச் சேகரிப்பாளர் செய்ததைப் போலவே விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். யாரும் சொல்லாமல் கை அப்படிப் போயிற்று.

முன்பு ஒருநாள் படித்துவிட்டுத் தூங்காமல் கிடந்த கவிதையை, விமர்சனம் கற்ற பிறகு எடுத்து வாசித்திருக்கிறேன். நல்ல கவிதை இல்லை என்று தெரிந்தது. தெரிந்தது சரிதான். அந்த இரவுதான் திரும்பவில்லை. ரூபாயிலும் அப்படியே. அம்மாவின் விரல் தெரிந்த இடத்தில் இப்போது கீறல் தெரிகிறது.