தேங்காய்த்திட்டில் ஒரு தோல் வில்லை

புதுச்சேரிக்கு யாத்திரை போகிறவர்கள் மணக்குள விநாயகரைத் தரிசிக்கிறார்கள். கடற்கரையில் காந்தி சிலையின் அடியில் உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். நேராகவும் குறுக்காகவும் கோடு போட்டு வகுத்த வெள்ளைக்காரர் வீதிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். தேங்காய்த்திட்டைப் பார்த்து வந்தோம் என்று சொன்னவர் ஒருவரையும் இதுவரை நாம் சந்தித்ததில்லை. இத்தனைக்கும் அது தூரதேசம் அல்ல. பட்டணத்திலிருந்து கடலூர் ரஸ்தாவில் தெற்கே போய், மரப்பாலம் என்னுமிடத்தில் கிழக்கே திரும்பினால் வந்துவிடும்.

நீர் சூழ்ந்த மேட்டு நிலத்துக்குத் திட்டு என்று பெயர். தென்னைக்கும் தண்ணீருக்கும் அங்கே இன்றும் குறைவில்லை. அரியாங்குப்பத்து ஆறு கடலோடு கலக்குமிடத்தில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. விசைப்படகுகள் வரிசையாக நிற்கின்றன, வலை உலர்கிறது, கருவாட்டு வாசனை வருகிறவர்களை முன்னாலேயே வந்து வரவேற்கிறது. ஆற்றின் மறு கரையில் கொஞ்சம் மேற்கே போனால் அரிக்கமேடு. 1945-ல் வீலர் துரை மண்ணைத் தோண்டி, ரோமாபுரி வியாபாரிகள் கொண்டுவந்த பாண்டங்களின் ஓடுகளை எடுத்துக் காட்டியது அங்கேதான். கடல் வழியாக வருகிற அயல்நாட்டுச் சரக்கு இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கம் என்று சொல்லலாம்.

நாம் போனது ரோமாபுரி ஓட்டைத் தேடி அல்ல. சட்டைப் பொத்தானைவிடச் சிறியதான ஒரு தோல் வில்லையைப் பார்க்கப் போனோம். பில்லியர்ட்ஸ் ஆடுகிற கோலின் நுனியில் ஒட்டியிருக்கிறதே, அந்த வில்லை. அதைக் கழன்று போகாமல் ஒட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் தேங்காய்த்திட்டில் இருக்கிறார் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். பச்சைத் துணி விரித்த மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்து பந்தை இடிப்பது சோம்பேறிகளின் வேலை என்று எண்ணுகிற வாசகர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த வில்லைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் நம் தேசத்துக்கும் பங்கு உண்டு.

ஆதியில் இந்த ஆட்டத்துக்குக் கோல் கிடையாது. ஒரு பக்கம் தடித்துத் தட்டையாயிருக்கும் கட்டையால் பந்தைத் தள்ளி ஆடினார்கள். பந்து மேஜையின் ஓரத்தை ஒட்டி நின்றுவிட்டால் தடித்த தலை அங்கே நுழையாது. ஆகையால் கட்டையைத் திருப்பிப் பிடித்து, அதன் வால் பக்கத்தால் இடித்தார்கள். வாலுக்குப் பிரெஞ்சு பாஷையில் 'க்யோ' என்று பெயர். இங்கிலீஷ்காரர் அதைக் 'கியூ' ஆக்கினார்கள். காலக்கிரமத்தில் தலை போய்விட்டது. வால் மட்டும் நிலைத்தது. உலகத்தில் வேறு சில விஷயங்களிலும் இப்படி நடப்பதுண்டு.

வெறும் மரக்கோலால் பந்தை நடு மத்தியில்தான் இடிக்க முடியும். சற்று மேலேயோ, கீழேயோ, பக்கத்திலோ இடித்தால் மரம் வழுக்கிவிடும். பந்து சொன்னபடி கேட்காது. இந்தக் குறையை நீக்கிய புண்ணியவான் பிரான்சுவா மெங்கோ என்னும் பிரெஞ்சுக் காப்டன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அவர் பாரிஸில் அரசியல் கைதியாகச் சிறையிலிருந்தபோது, அங்கிருந்த பில்லியர்ட்ஸ் மேஜையில் ஆடி ஆடி, கோலின் நுனியில் தோலை ஒட்டும் யுக்தியைக் கண்டார் என்று சொல்வார்கள். விடுதலை நாள் வந்தபோது, "ஆட்டத்தை இன்னும் பூரணமாகக் கற்றுக்கொள்ளவில்லை, சில நாள் இங்கேயே இருக்க அனுமதி வேண்டும்" என்று விண்ணப்பித்துக்கொண்டார் என்பது கதை. கதை மெய்யோ பொய்யோ, 1827-ல் அவர் பாரிஸில் வெளியிட்ட ஆட்டப் புத்தகம் மெய். தோல் பந்தைக் கவ்வுகிறது. கவ்வுவதால் ஓரத்தில் இடித்தாலும் வழுக்குவதில்லை. பந்து சுழன்றுகொண்டே ஓடுகிறது. முன்னே போன பந்து முட்டிவிட்டுப் பின்னே திரும்பி வருகிற ஜால வித்தையெல்லாம் அந்த வில்லைக்குப் பிறகு வந்ததுதான். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'ப்ரொஸெதே'. தமிழில் சொன்னால் 'உபாயம்'. ஒரு துண்டுத் தோலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் நமக்குத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த ஆட்டம் இரண்டு வாசல் வழியாக வந்தது. பிரெஞ்சுக்காரரின் மேஜையில் பந்து விழுகிற பை கிடையாது, மூன்றே பந்துகள், ஒரு பந்தால் மற்ற இரண்டையும் தொடுவதே ஆட்டம். இங்கிலீஷ்காரரின் மேஜைக்கு ஆறு பைகள். நீளம் பன்னிரண்டு அடி, அகலம் ஆறு அடி. இன்று உலகமெங்கும் ஆடுகிற ஸ்நூக்கர் இந்த இரண்டாவது மேஜையில் பிறந்தது. அது 1875-ல் ஜபல்பூர் ராணுவ விடுதியில் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் உத்தியோகஸ்தரின் மூளையில் உதித்து, 1882-ல் நம்முடைய உதகமண்டலத்துக் கிளப்பில் விதிகள் எழுதப்பெற்றுப் பூரண உருவம் அடைந்தது. (பின்னால் பிரதம மந்திரியாகிக் குடையோடு மூனிச்சுக்குப் போன சேம்பர்லேன் வேறு மனிதர்.) அந்தக் காலத்தில் அந்தக் கிளப்பில் நம்மவர் பந்து பொறுக்கலாம், பானம் கொண்டுவந்து கொடுக்கலாம், கோலைத் தொட்டு ஆட முடியாது. காலம் மாறிற்று. 1958-ல் கல்கத்தாவில் நடந்த உலகப் போட்டியில் வில்ஸன் ஜோன்ஸ் பில்லியர்ட்ஸ் சாம்பியன் பட்டத்தை வென்றார். சுதந்தர இந்தியாவுக்குத் தனி மனிதர் ஒருவர் எந்த விளையாட்டிலாவது வாங்கித் தந்த முதல் உலகப் பட்டம் அது.

பந்து பொறுக்கினவர்களைப் பற்றிச் சொன்னோம். நம் தேசத்துக் கிளப்புகளில் அவர்களுக்கு 'மார்க்கர்' என்று பெயர். புள்ளிக் கணக்குச் சொல்வது, மேஜைத் துணியைத் துலக்குவது, கோல்களைச் செப்பனிடுவது, துணைக்கு ஆள் இல்லாத துரைகளோடு ஆடி, சமயம் பார்த்துத் தோற்பது இவையெல்லாம் மார்க்கரின் கடமைகள். நாம் பார்க்கப் போன பெரியவரும் மார்க்கராயிருந்து ஓய்வு பெற்றவர்தான். தென்னங்கீற்றுச் சார்ப்பின் கீழே ஒரு பெஞ்சி, அதன்மேல் ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு தட்டை அரம், உப்புத்தாள், பிளேடு. அவருடைய தொழிற்சாலை முழுவதும் இவ்வளவே.

நாம் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு வாலிபன் முகவாட்டத்தோடு நின்றுகொண்டிருந்தான். மறுநாள் அவனுக்குப் பட்டணத்தில் ஒரு பந்தயம். கோலின் வில்லை அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாகக் கழன்று விழுந்திருந்தது. மூன்று தடவையும் அவனே ஒட்டியிருந்தான்.

"நெறையத்தான் பசை வெச்சேன் தாத்தா" என்றான்.

"அதாந் தம்பி தப்பு. பசை ஒட்டறதுக்கு, பள்ளத்த ரொப்பறதுக்கு இல்ல" என்றார் பெரியவர்.

இந்த ஒரு வாக்கியத்தில் அந்தத் தொழிலின் மர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டோம். கோலின் நுனியில், உலக்கைக்குப் போடுவது போல், ஒரு பித்தளைப் பூண் இருக்கிறது. பூணின் வாய்க்குள்ளே மரம் தெரிகிறது. வில்லை உட்காரவேண்டிய பீடம் பித்தளையும் மரமும் சேர்ந்த அந்த வட்டம்தான். மரம் மெத்தென்றது, பித்தளை கெட்டி. உப்புத்தாளைக் கையில் மடித்துப் பிடித்துத் தேய்த்தால், அது பித்தளையை விட்டுவிட்டு மரத்தைத் தின்னும். நடுவில் குழி விழும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழியில் பசை தேங்கும். தேங்கின பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். நாலு பலமான இடி விழுந்ததும் விரிசல் கண்டு வில்லை தெறித்துப் போகும். பையன் பசையை அதிகமாக்க ஆக்க, வில்லை சீக்கிரமாகக் கழன்றதற்கு இதுவே காரணம்.

பெரியவர் பழைய பசையைப் பிளேடால் சுரண்டி எடுத்தார். பிறகு அரத்தைப் பெஞ்சியின்மேல் அசையாமல் வைத்து, கோலைச் செங்குத்தாகப் பிடித்து, நுனியை அதன்மேல் மெள்ள உராய்த்தார். சாதாரணமாக ஆயுதம் அசையும், பொருள் நிற்கும், இங்கே நேர்மாறு. இரண்டு மூன்று உராய்வுக்கு ஒரு தரம் நுனியைக் கண்ணாடித் துண்டின்மேல் நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நுனிக்கும் கண்ணாடிக்கும் இடையே இழையளவு வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடியும் அரம். இந்த ஒரு காரியத்துக்கே கால் மணி நேரம் ஆயிற்று. பையன் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பெரியவர் அவனை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அடுத்தது வில்லை. பந்துக்குத் தகுந்த வில்லை வேண்டும். பிரெஞ்சு ஆட்டத்தின் பந்து 61.5 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ளது, கனமானது, அதற்கு 12 மில்லிமீட்டர் அளவில் வில்லை வைப்பார்கள். ஸ்நூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர், அதற்கு ஒன்பதரை, பத்து போதும். பூணைவிட மயிரிழை பெரியதாக ஒன்றைப் பொறுக்கி, அதன் அடிப்பாகத்தைக் கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் எட்டுப் போடுவது போல் தேய்த்தார். தொழிற்சாலையிலிருந்து வருகிற வில்லையின் அடி பார்வைக்குச் சமமாக இருந்தாலும் வழவழப்பாக இருக்கும். வழவழப்பில் பசை பிடிக்காது.

வில்லைகள் இருந்த டப்பாவை எடுத்துப் பார்த்தோம். ஒன்று அமெரிக்காவில் செய்தது. இன்னொன்று ஜப்பானில் பன்றித் தோலை அடுக்கடுக்காக ஒட்டி அமுக்கிச் செய்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பதனிட்ட தோல் உலகத்தார் காலில் எல்லாம் செருப்பாக நடக்கிறது. பொத்தானளவு தோலுக்கு நாம் ஜப்பானைப் பார்த்துக் கை நீட்டுகிறோம்! ஆம்பூர் முதலாளிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு நிமிஷம் யோசிக்கட்டும்.

பசை விஷயத்தில் தேங்காய்த்திட்டின் காற்றுக்கு ஒரு விசேஷ சம்பந்தம் உண்டு. முற்காலத்தில் தச்சர்கள் உபயோகித்த வச்சிரம்தான் இதற்கும் பசை. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது அது. மீனின் நெட்டியைக் காய்ச்சி எடுக்கும் பசை இன்னும் உயர்ந்தது. இரண்டுக்கும் ஈரம் சத்துரு. ஆறும் கடலும் கூடுகிற இடத்தில் ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வீசும் காற்றில் வச்சிரம் இளகிவிடும். "அப்பல்லாம் மழை நாள்ள சாயங்காலம் ஆடறதுக்கு, காலையில ஒட்டி அடுப்பங்கரையில சாத்தி வைப்போம்" என்றார் பெரியவர். இப்போது சிறு குழாயில் விற்கிற உடனடிப் பசையோ இதற்கு நேர் விரோதம். 1942-ல் அமெரிக்காவில் துப்பாக்கியின் குறி பார்க்கும் கண்ணாடிக்காக ஒரு பொருளைத் தேடினவர்கள் கையில் இது அகப்பட்டது. தொட்டதையெல்லாம் பிடித்துக்கொள்கிறதே என்று சபித்து ஒதுக்கினார்கள். அந்தத் துர்க்குணமே பிறகு நற்குணமாகி, 1958-ல் கடைக்கு வந்தது. காற்றிலுள்ள ஈரம் பட்டால்தான் இது இறுகும். பழைய பசையை இளக்கின அதே உப்பங்காற்று புதுப் பசையைச் சீக்கிரம் பிடிக்க வைக்கிறது. ஆகையால் தேங்காய்த்திட்டில் கை தாமதிக்கலாகாது.

பெரியவர் தாமதிக்கவில்லை. பூணுக்குள் தெரிந்த மரத்தின்மேல் முதலில் ஒரு துளி தடவிக் காயவிட்டார். குறுக்கே வெட்டின மரம் பசையைக் குடித்துவிடுமாம். அதன் தாகத்தை முன்னாலேயே தீர்த்துவிட வேண்டும். மறுபடியும் லேசாக அரத்தில் உராய்த்துவிட்டு, கடுகளவு பசை வைத்து, வில்லையை நடுவில் பொருத்தி, கோலைத் தலைகீழாகக் கண்ணாடிமேல் ஊன்றி இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றார். அழுத்துகையில் திருகலாகாது, நகர்த்தலாகாது. அந்த ஒரு நிமிஷம் அவர் நம்மோடும் பேசவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து, வில்லையைப் பலகைமேல் கவிழ்த்து, பூணை ஒட்டியபடியே பிளேடை மேலிருந்து கீழே இறக்கி, வெளியே பிதுங்கின தோலைச் சீவினார். பிறகு வில்லையின் பக்கத்தில் எச்சில் தொட்டுத் தடவி, பழைய தோல் துண்டால் சூடு பறக்கத் தேய்த்தார். நம்முடைய முகம் சற்றுச் சுளித்திருக்க வேண்டும். "தண்ணி ஜாஸ்தியாப் போயிடும் ஐயா, இதுதான் அளவு" என்று சிரித்தார். அப்படித் தேய்த்த பக்கம் கருத்துப் பளபளத்துக் கெட்டியாகிவிட்டது. இனி அடி பட்டால் நாய்க்குடை போல் விரியாது. கடைசியாக முகத்தை அரத்தால் சிறு நாணயத்தின் வளைவுக்கு உருட்டிவிட்டு, நீலச் சாக்குக் கட்டியைத் தடவினார். சாக்குக் கட்டி என்பது பெயரளவில்தான். 1897-ல் அமெரிக்கர் இருவர் காப்புரிமை பெற்றது முதல் அதில் இருப்பது பெரும்பாலும் மணற்சத்துப் பொடி.

பையன் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தான். பெரியவர் வாங்கவில்லை.

"ராத்திரி பூராவும் சாத்தி வையி. நாளைக்கு ஆடிட்டு வந்து குடு" என்றார்.

இரண்டு நாள் கழித்து, ஊருக்குப் புறப்படுமுன் நண்பர் மூலமாக விசாரித்தோம். பந்தயத்தில் பையன் தோற்றுப் போனானாம். வில்லை அசையவில்லையாம். கூலியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டானாம்.