உப்புக் காற்றில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து வடக்கே நடந்தால், போர் நினைவுச் சின்னமும் தலைமைச் செயலகமும் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். மஞ்சள் சுவர்களும் செல்ஃபி எடுக்கிற கூட்டமும் மெல்லக் குறையும். சர்தார் படேல் சாலையைத் தாண்டிவிட்டால் குருசுக்குப்பம். குருசு என்றால் சிலுவை. போர்த்துக்கீசியர்களிடமிருந்து தமிழுக்கு வந்த சொல் அது. நெருக்கமான தெருக்கள், வாசலில் காயும் வலை, திண்ணையில் பெண்கள், மூக்கில் ஏறும் கருவாட்டு வாசம். இன்னும் வடக்கே போனால் வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலான சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து சேரும் கரை அது.

இங்கே மணலைவிடக் கருங்கல்தான் அதிகம் கண்ணில் படும். 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வந்துகொண்டிருந்த மணல் அதில் தடுபட்டது. கரை தேய்ந்தது. கல்லைக் கொட்டினார்கள், கடல் அதை இழுத்துக்கொண்டது, மறுபடியும் கொட்டினார்கள். 2018-ல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கிய பிறகுதான் நகரத்துப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. பழையதை ஒட்டுப்போட்டே ஓட்டுவதா, புதிதாக ஒன்றைச் செய்வதா என்ற கேள்வி இந்தக் கரைக்குப் பழக்கமானதுதான்.

கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீடு. அங்கே அதே கேள்வி ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி மூன்று மாதமாக ஓடியது.

அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மூத்த பெண் நர்சிங் படிக்கிறாள். இளையவன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுத்து நாலு காசு பார்க்கிறான். மிச்ச நேரமெல்லாம் கேம். 2017-ல் வாங்கிய கம்ப்யூட்டர் அது. இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ-5 பிராசஸர், எட்டு ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு. அப்போது தெருவில் இருந்த பொடியன்கள் எல்லாம் அதைப் பார்ப்பதற்கென்றே மாடி ஏறி வந்தார்கள். இப்போது ஐந்து நிமிட வீடியோவை முடித்துக் கொடுப்பதற்குள் அம்மா சோறு வடித்து, குழம்பும் வைத்துவிடுகிறார்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றன. பதிவு செய்துகொண்டால் இன்னும் ஒரு வருஷம் தள்ளலாம், அவ்வளவுதான். விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டுக்கும் அதே மாதம்தான் கெட்ட செய்தி: புதிய கேம்களுக்கான டிரைவர்களை அந்தத் தலைமுறைக்கு நிறுத்தியது என்விடியா. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும்.

கடையில் விசாரித்தான். முழு செட்டும் புதிதாகப் போட்டால் எழுபதாயிரம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட அக்காவின் ஒரு வருஷக் கல்லூரிச் செலவு. அந்தச் சீட்டை வீட்டில் யாரிடமும் காட்டாமல் மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டான். துணி துவைக்கும்போது அம்மா எடுத்துவிட்டார்.

"ஏம்ப்பா, இஞ்சின் போச்சுன்னா போட்டையா மாத்துவோம்? எது போச்சுன்னு மொதல்ல பாரு" என்றார் அப்பா. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகுகளுக்கு ஓய்வு. இஞ்சினைப் பிரிப்பது, பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அப்போதுதான். அவர் பேசியது அந்தப் பழக்கத்தில்.

பிராசஸரை மட்டும் மாற்றலாமே என்று பையன் முதலில் நினைத்தான். இந்த இடத்தில் ஏமாந்தவர்கள் ஏராளம். ஆறாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் பெயர் ஒன்றுதான், பின்களின் எண்ணிக்கையும் அதே 1151தான். ஆனால் பழைய மதர்போர்டில் புதிய பிராசஸர் வேலை செய்யாது. அதற்கென்று வந்த 300 வரிசை போர்டு வேண்டும். ஆக, பிராசஸரைத் தொட்டால் போர்டையும் தொட்டாக வேண்டும்.

சரி, சாலிட் ஸ்டேட் டிரைவ் ஒன்றைப் போட்டு, ராமைக் கூட்டி ஒப்பேற்றிவிடலாம் என்று அடுத்த யோசனை. பழைய ஹார்டு டிஸ்க்கோடு ஓடுகிற எந்தக் கம்ப்யூட்டருக்கும் அதைவிட மலிவான மருந்து கிடையாது. ஆனால் ராம் விலை 2025-ன் கடைசி மாதங்களில் எகிறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதன் விளைவு குருசுக்குப்பம் வரைக்கும் வந்து சேர்ந்தது.

கடைசியில் விஷயத்தை முடித்து வைத்தது கடல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் பாயை விரித்து, கேபினெட்டைப் பிரித்தான். அடித்தகடு துருவேறி, தொட்டால் உதிர்ந்தது. ஃபேன் இறக்கைகளில் தூசி பிசுபிசுத்துக் கிடந்தது. கார்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில் போர்டின் மேல் பச்சை நிறத்தில் பூத்திருந்தது.

காற்றில் வரும் உப்புத்துகள் தூசியோடு சேர்ந்து போர்டில் உட்காரும். ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலோரத்தில் பாதி ராத்திரிகள் அப்படித்தான். அந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். கம்ப்யூட்டரின் ஃபேனோ வெளிக்காற்றை இழுத்து உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதுவும் இந்த வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே.

"இதுக்கு மேல இந்த போர்டுல காசு போடாத தம்பி" என்றார், பார்க்க வந்த பழைய சர்வீஸ்காரர். ராம் குச்சிகளின் தங்க முனையைப் பென்சில் ரப்பரால் தேய்த்துக் கொடுத்தவரும் அவர்தான். கார்டை ஆல்கஹாலில் துடைத்து, தன் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். ஓடியது. பவர் சப்ளையை மட்டும் உடனே தூக்கிப் போடச் சொன்னார். வயதான பவர் சப்ளை சாகும்போது தனியாகச் சாவதில்லை, பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும் என்பது அவர் கணக்கு.

தை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை அப்பாவும் பையனும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்கு பஸ் ஏறினார்கள். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், ஒரு கடையில் கேட்ட விலையைப் பக்கத்துக் கடையில் சொன்னாலே இருநூறு ரூபாய் குறையும். வலைக்கு விலை பேசிப் பழகிய அப்பாவுக்கு அந்தத் தெரு ரொம்பவும் பிடித்துப்போனது. வாங்கியது ஏஎம்4 மதர்போர்டு, ரைஸன் 5 5600 பிராசஸர், புது பவர் சப்ளை, ஒரு சாலிட் ஸ்டேட் டிரைவ். ஏஎம்4-ஐத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம், அது பழைய டிடிஆர்4 ராமை ஏற்கும் என்பதுதான். அதற்கடுத்த ஏஎம்5-க்குப் போனால் டிடிஆர்5 வாங்கியாக வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டும் மானிட்டரும் கீபோர்டும் பழையவையே. மொத்தச் செலவு முப்பதாயிரத்துக்குள் அடங்கியது.

புதுசாக வரும் பெரிய கேம்கள் எல்லாம் இதில் ஓடாது. அவனுக்கும் தெரியும். வீடியோ எடிட்டிங் ஓடுகிறது. கார்டுக்கான காசை அதில்தான் சேர்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மகாத்மா காந்தி சாலையில் கூடும் சண்டே மார்க்கெட்டில் பழைய கார்டு கிடைக்குமா என்று ஒரு சுற்று சுற்றியும் பார்த்தான். போட்டுக் காட்ட அங்கே கம்ப்யூட்டர் கிடையாது என்பதால் வெறுங்கையோடு திரும்பினான்.

கம்ப்யூட்டர் இப்போது கடல் பக்கத்து அறையில் இல்லை. தெருப் பக்கத்து அறையில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மரப்பலகை மேல் இருக்கிறது. முன்பக்கத்தில் மெல்லிய வலைத்துணி. மாதம் ஒரு தடவை கழற்றித் துவைக்கிறான். வேலை இல்லாத நாளிலும் ஒரு மணி நேரம் ஓடவிடுகிறான், அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது. பழைய போர்டு இன்னும் பரணில் கிடக்கிறது. அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடக் கூடாது, முறையாக மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

வலைத்துணியை வெட்டித் தைத்துக் கொடுத்தவர் அப்பா. நைலான் கண்ணி இன்னும் சின்னதாக இருந்திருக்கலாம் என்று போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.