கன்னிச்சாமி

கார்த்திகை முதல் நாள் விடியற்காலை. கம்பத்தில் ஒரு கோயில் மண்டபத்தில், ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவர் ஈர வேட்டியுடன் வரிசையில் நின்றார். வயது 62. சபரிமலைக்கு மாலையிடுவது அவருக்கு அதுவே முதன்முறை. துளசிமணி மாலையை ஏந்தி எதிரே நின்றவரோ வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. பத்தாம் வகுப்பில் அவரிடம் பயின்று, கணக்கில் தேர்ச்சி பெறாமல் பள்ளியை விட்டவர். மலைக்குப் பதினெட்டு முறைக்கு மேல் சென்று வந்த குருசாமி. மாலை ஏந்திய கைகள் தயங்கின. 'ஐயா' என்று தொடங்கிய நாக்கு தன்னைத் திருத்திக்கொண்டு, 'கன்னிச்சாமி, சற்றுக் குனியுங்கள்' என்றது. மாலை கழுத்தில் விழுந்தது. அடுத்து, குருசாமியின் பாதம் தொட வேண்டியது ஆசிரியரின் முறை. அவர் தொட்டார், ஆனால் உடனே தொட்டுவிடவில்லை.

மாலையிட்டோர் அனைவரும் ஒருவரையொருவர் 'சாமி' என்றே அழைப்பர். அந்தப் பொதுப்பெயருக்குள் ஒரு கணக்கு உண்டு. முதன்முறை செல்பவர் கன்னிச்சாமி. கன்னிப்பேச்சு, கன்னிமுயற்சி என்பவற்றில் உள்ளதுபோல், இங்கும் 'கன்னி' முதன்மையையே குறிக்கிறது. அடுத்தடுத்த ஆண்டுகளுக்குக் கத்தி, மணி, கதை என்றெல்லாம் அடைமொழிகள் வழங்குகின்றன; அவற்றின் வரிசை ஊருக்கு ஊர் மாறும். பதினெட்டாம் முறை செல்பவர் தென்னங்கன்று சுமந்து சென்று சன்னிதானத்தில் வைப்பார். அவரே குருசாமி. வயதோ படிப்போ செல்வமோ இக்கணக்கில் சேர்வதில்லை. மூன்று முறை சென்று வந்த சிறுவன், முதன்முறை செல்லும் தன் தாத்தாவுக்கு மூத்தவன்!

மூப்பு என்பது வெறும் மரியாதையன்று, வேலையும்கூட. தேங்காயில் நெய் நிரப்பி இருமுடி கட்டுவதும், அதனைத் தலையில் ஏற்றுவதும் குருசாமியின் பொறுப்பு. இருமுடி இன்றிப் பதினெட்டாம்படி ஏற இயலாது. நீலிமலை ஏற்றத்தில் ஆசிரியருக்கு மூச்சு வாங்கியபோது, எங்கே அமர்த்த வேண்டும், எவ்வளவு நேரம் அமர்த்த வேண்டும் என்பதை அந்தத் தொழிலாளி அறிந்திருந்தார். கணக்கில் தேறாதவர் என்ற பழைய நினைவு, அந்த ஏற்றத்தில் எங்கோ உதிர்ந்துபோயிற்று.

எனினும் மலையின் கதை மூத்தோரைச் சுற்றி அமையவில்லை. மகிஷி என்னும் அரக்கி வடிவம் நீங்கி எழுந்த பெண், ஐயப்பனை மணக்க விரும்பினாள். கன்னிச்சாமி ஒருவரும் வாராத ஆண்டில் மணப்பதாக அவர் வாக்களித்தார் என்பது ஐதிகம். அவள் மாளிகைப்புறத்தம்மனாக அருகிலேயே காத்திருக்கிறாள். எருமேலியிலிருந்து கொண்டுவரும் மரச்சரத்தைக் கன்னிச்சாமிகள் சரங்குத்தியில் குத்திச் செல்வது, தாங்கள் வந்ததற்குச் சான்று. மகரவிளக்கிற்குப்பின் அம்மன் யானைமீது சரங்குத்திவரை எழுந்தருளி, குவிந்து கிடக்கும் சரங்களைக் கண்டு, மேளம் முழங்காமல் திரும்புகிறாள்.

ஆசிரியர் தம் சரத்தைக் குத்தியபோது குருசாமி சற்று விலகி, வெறுங்கையுடன் நின்றார். அவர் அங்கே சரம் குத்தி எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஊர் திரும்பி மாலை கழற்றிய சில நாள்களுக்குப்பின், கடைத்தெருவில் ஏணிமீது நின்று சுவருக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தவர், ஆசிரியரைக் கண்டதும் இறங்கி வந்து, 'வணக்கம் ஐயா' என்றார்.

'நலமா, குருசாமி?' என்றார் ஆசிரியர்.