நடிப்புக்கு ஒரு பரீட்சை

சுங்கை பஞ்சாங்கிலிருந்து விடியற்காலையில் கோலாலம்பூருக்குப் புறப்படுகிறவர்கள், செம்பனைத் தோட்டங்களின் இருளைக் கடந்து, செகிஞ்சான் வயல்களுக்கு மேல் வானம் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டே, தஞ்சோங் காராங்கையும் கோல சிலாங்கூரையும் தாண்டித்தான் தலைநகரில் பிரவேசிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் அரசாங்கக் காரியங்களுக்குமாக அவ்வழியே எத்தனையோ முறை போய்வந்த எனக்கு, சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகளை நாடகக் கலைப் படிப்புக்கான நடிப்புத் தேர்வுக்கு அழைத்துச் சென்ற அந்த ஒரு நாளே மனத்தில் அழியாமல் நிற்கிறது.

புறப்படும்போது அவளுடைய தகப்பனார் என்னைத் தனியே அழைத்து, "மச்சான், இந்தப் படிப்பு நாளைக்குச் சோறு போடுமா?" என்று கேட்டார். செம்பனைக் குலை அறுத்துத் தேய்ந்த தோள்களையுடைய ஒருவர் தம் மகளின் ஜீவனோபாயத்தைப் பற்றிக் கேட்கும் நியாயமான கேள்வி அது. அப்போது என்னிடம் பதில் இல்லை.

நம் நாட்டில் நாடகம் உயர்கல்வியாகி வெகு காலமாகிறது. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1970ஆம் ஆண்டிலேயே அதற்கு இடம் கிடைத்தது. 1994இல் கோலாலம்பூரில் தேசியக் கலைக் கழகம் பிறந்து, இன்று அஸ்வாரா என்னும் பெயரில் விளங்குகிறது. இத்தகைய படிப்புகளுக்கு மதிப்பெண் மட்டும் போதாது. பரீட்சகர் முன்னிலையில் நின்று நடித்தும் காட்ட வேண்டும்.

அவளுக்கு நடந்த பரீட்சை அந்த வகையைச் சேர்ந்தது. உள்ளே நடந்ததைத் திரும்பும் வழியில் அவளே சொன்னாள். மனப்பாடம் செய்துகொண்டு போன மலாய் வசனத்தைப் பேசி முடித்ததும், வயது முதிர்ந்த ஓர் அம்மையார், உனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பேச்சில்லாமல் காட்டு என்றாராம். ஒரு கணம் திகைத்து நின்றவள், பிறகு பால்மரம் வெட்டிய தன் பாட்டியாக மாறினாள். தலையில் துணியைச் சுற்றி முடிந்தாள்; இல்லாத மரத்தின் முன் முழங்காலை மடக்கி, பட்டையில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை விரல்நுனியால் பற்றி, ஒரே இழுப்பில் உரித்து, உருட்டி, இடுப்புப் பையில் போட்டாள்; கத்தியைச் சரிவாக இழுத்தாள்; மங்கின் உட்புறத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் துடைத்து, பால் சொட்டும் இடத்துக்கு நேராக வைத்தாள்; அடுத்த மரத்துக்கு நடந்தாள்.

"மூணாவது மரம் வெட்டினதும் போதும்னு கைகாட்டினாங்க மாமா. யார் கத்துக் கொடுத்தாங்கன்னு கேட்டாங்க. யாரும் இல்ல, பாட்டி பழைய கதை சொல்லும்போது அவங்க கை தன்னாலே இப்படித்தான் போகும்னு சொன்னேன்."

இதைக் கேட்டு நெடுநேரம் பேச்சற்றிருந்தேன். அவள் பிறப்பதற்கு முன்பே எங்கள் பக்கத்துக் கித்தா மரங்கள் சாய்ந்துவிட்டன; பால்மரம் வெட்டுவதை அவள் ஒரு நாளும் கண்டதில்லை. இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓடிய ஒரு தலைமுறையின் பிரயாசை, மரங்கள் போன பிறகும் ஒரு கிழவியின் கைகளில் தங்கியிருந்து, அங்கிருந்து பேத்தியின் கைகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. நடிப்பின் மூலதனம் குரலும் முகவெட்டும் என்று அதுவரை எண்ணியிருந்த நான், சிரத்தையோடு ஒரு மனிதரைக் கவனிப்பதே அந்தக் கலையின் வேர் என்பதை அன்று உணர்ந்தேன்.

சோறு போடுமா என்ற கேள்விக்கும் மெல்ல மெல்லப் பதில் கிடைத்தது. 1959இல் தோன்றிய டில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்றவர்களுள், இளம் பிராயத்தில் தேநீர்க் கடையில் வேலை செய்த ஓம் பூரியும் ஒருவர். திரைப்படத்தில் தேசிய விருது பெறுமளவு அவர் உயர்ந்தார். அதே பள்ளியில் பயின்ற நாங்குநேரி சே. இராமானுஜம் திரைப் புகழை நாடாமல், திருச்சூர் நாடகப் பள்ளியிலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியராக இருந்து, நவீனத் தமிழ் நாடகத்துக்கு மாணவர் பரம்பரை ஒன்றை உருவாக்கினார். முன்னவரைப் போல் ஆவோர் மிகச் சிலர். பின்னவரின் வழியில் கற்பித்தும், இயக்கியும், ஒளியமைத்தும் கௌரவமாக வாழ்வோர் பலர். என் மருமகளும் படிப்பை முடித்து, பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் பயிற்றுகிறாள். இரவில் மேடை நிர்வாகம் பார்க்கிறாள். எப்போதாவது தொலைக்காட்சியில் சிறு வேடம் ஏற்கிறாள். வருமானம் பெரிதில்லை, சில மாதங்களில் கையைக் கடிக்கிறது. ஆயினும் அவளுடைய தகப்பனார் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

சோற்றுக்கு அப்பாலும் இந்தக் கலைக்கு ஒரு தேவை உண்டு. எங்கள் ஊருக்கு அண்டையிலுள்ள கோல சிலாங்கூர் மாவட்டத்திலே, தென்னமரம் என்று தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டத்தில்தான், 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. அதை நட்ட பிரெஞ்சுத் துரை ஹென்றி ஃபோக்கோனியே, இந்த மண்ணின் வாழ்வை 'மலேசி' என்னும் நாவலாக்கி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். துரையின் பார்வையில் நாம் எப்படித் தோன்றினோம் என்பது அதில் பதிவாகிவிட்டது. நம் பாட்டிமாரின் கைகள் எப்படி அசைந்தன என்பதை நம் பிள்ளைகளன்றி வேறு யார் காட்டுவார்கள்?

பால்மரம் வெட்டிய பாட்டிமார் சிலர் இன்னும் நம் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளை அவர்கள் அருகில் உட்கார விடுங்கள். அந்தப் பிள்ளைகளுள் ஒன்று நடிப்புத் தேர்வுக்குப் போக வேண்டும் என்று கேட்டால், பஸ் காசு கொடுத்துக் கூடவே போய் வாருங்கள்.