கொழுந்துக்கும் குழந்தைக்கும் நடுவே மூன்று வெள்ளி

கோயில் வரிப் பட்டியலில்தான் நான் சொற்களுக்கிடையே தூரம் அளக்கும் வித்தையைப் பழகத் தொடங்கினேன். மலேசியாவின் கேமரன் மலையில், கியா பார்மைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த குடும்பங்களின் பெயர்கள், பல ஆண்டுகளாகப் பல கைகள் எழுதிய நோட்டுகளில் கிடந்தன. ஒரே பாட்டி ஓர் ஆண்டு லெட்சுமி, மறு ஆண்டு லட்சுமி, தமிழாசிரியர் கணக்கெழுதிய ஆண்டில் இலட்சுமி. யார் யார் ஒரே ஆள் என்று கணினியைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். கணினி படித்துவிட்டு ஊரோடு தங்கிய ஓர் அண்ணன் அதைப் பொறுப்பேற்றிருந்தார். சந்தையில் காய்கறிக் கடை சாத்திய பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்.

முதல் பாடத்துக்குக் கணினியே வேண்டியிருக்கவில்லை. கட்டம் போட்ட தாளில் மேலே குறுக்காகக் ‘குழந்தை’, இடப்பக்கம் கீழ்நோக்கிக் ‘கொழுந்து’ என்று எழுதினார்.

“தம்பி, கொழுந்தைக் குழந்தையா மாத்தணும். ஓர் எழுத்தைச் சேர்க்கலாம், எடுக்கலாம், வேற எழுத்தா மாத்தலாம். எதைச் செஞ்சாலும் ஒரு வெள்ளி. குறைஞ்ச செலவு எவ்வளவு?”

மூன்று எழுத்தை மாற்றினால் போதும், ‘ந்’ அப்படியே இருக்கட்டும் என்று பார்த்தவுடன் தெரிகிறது. மூன்றுக்கும் குறைவாக முடியாது என்பதற்கு என்ன உறுதி? எல்லா வழிகளையும் எண்ணிப் பார்க்கலாம். நான்கெழுத்துச் சொற்கள் இரண்டுக்கு அந்தக் கட்டத்தில் 321 வழிகள். எட்டெழுத்துச் சொற்கள் என்றால் 265,729. கட்டங்களோ, எழுத்தே இல்லாத தொடக்க வரிசைகளையும் சேர்த்து, முதலாவதற்கு 25, இரண்டாவதற்கு 81 மட்டுமே. ஒவ்வொரு கட்டத்துக்கும் விடையை ஒரே ஒருமுறை கண்டு எழுதிவைத்தால் வழிகளை எண்ணும் வேலையே இல்லை. ரிச்சர்ட் பெல்மன் 1950களில் ‘டைனமிக் புரோகிராமிங்’ என்று பெயரிட்டது இந்த முறைக்குத்தான்.

அண்ணன் ஒரு விஷயத்தில் விடாப்பிடி. எண்ணை எழுதும் முன், அந்தக் கட்டம் என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லியாக வேண்டும். ‘இதுவரை வந்த கொழுந்தின் எழுத்துகளை, இதுவரை வந்த குழந்தையின் எழுத்துகளாக மாற்றும் குறைந்த செலவு.’ இந்த வாக்கியம் வாயில் வந்துவிட்டால் மீதி தானாக நடக்கும். சரிவில் நிற்கும் ஒரு தேயிலைச் செடியிடம் மேல் நிரையிலிருந்து இறங்கி வரலாம், இடப்பக்கச் செடியிலிருந்து வரலாம், குறுக்காகவும் வரலாம். கட்டத்துக்கும் அந்த மூன்று வழிகள்தாம். மேலிருந்து வந்தால் ஓர் எழுத்து போகிறது, இடமிருந்து வந்தால் ஒன்று சேர்கிறது, குறுக்கே வந்தால் ஒன்று மற்றொன்றாகிறது. இரண்டும் ஒரே எழுத்தானால் குறுக்கு வழிக்குச் செலவில்லை. மூன்றில் குறைந்ததை எழுத வேண்டியதுதான். கடைசி வரிசை 4, 4, 4, 3, 3 என்று வந்தது. மூலையில் நின்ற 3 விடை.

சொற்களுக்கிடையே இப்படித் தூரம் அளப்பதை 1965இல் எழுதியவர் ரஷ்யக் கணிதர் விளாடிமிர் லெவன்ஷ்டைன். 1970இல் நீடில்மேனும் வுன்ஷும் புரதங்களை ஒப்பிட இதையொத்த அட்டவணையைப் பயன்படுத்தினார்கள். நாங்கள் நிரப்பிய அட்டவணை முறையை வாக்னரும் ஃபிஷரும் 1974இல் வெளியிட்டார்கள்.

தமிழுக்கு வரும்போதுதான் வேலை சுவையாகிறது. எதை ஓர் எழுத்து என்று எண்ணுவது? நம் கண்ணுக்குக் ‘கொழுந்து’ நான்கெழுத்து. யூனிகோடில் அது எட்டுக் குறிகள், ‘குழந்தை’ ஏழு. மெய்யையும் உயிரையும் பிரித்தால் இரண்டும் ஏழேழு. மூன்று வகையிலும் தூரம் 3தான் வருகிறது. ஆனால் நான்கில் மூன்று போனால் அவை அந்நியச் சொற்கள், ஏழில் மூன்று போனால் உறவுச் சொற்கள். பிரித்த கட்டத்தில் க், ழ், ந், த் நான்கும் அசையாமல் நிற்க, உயிர்கள் மட்டும் மாறுவது கண்ணுக்கே தெரியும். பெயர்களை ஒப்பிட இதுவே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. காதில் விழுந்ததை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உயிரில்தானே வேறுபடுகிறார்கள்! இன்னொன்று: ‘கொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, கணினிக்கு அவை வேறு வேறு. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே கட்டம் போட வேண்டும்.

தூரம் மட்டும் வேண்டுமென்றால் நினைவகத்தில் இரண்டு வரிசை போதும். எந்த எழுத்து எங்கே மாறியது என்று பின்னோக்கி நடந்து பார்க்க முழு அட்டவணையும் வேண்டும். நாங்கள் முழுவதையும் வைத்துக்கொண்டோம், பெயர்கள் சிறியவை.

எழுத்தளவில் லெட்சுமிக்கும் இலட்சுமிக்கும் தூரம் 2, ஆள் ஒருவர். ராஜுவுக்கும் ராஜாவுக்கும் தூரம் 1, அண்ணன் தம்பி. அதனால் நெருங்கி வந்த இணைகளை அச்சிட்டுப் பெரியவர்களிடம் கொடுத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார்கள். இப்போது அந்தப் பதில்களை வைத்துச் செலவைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ன, ண மாறினால் அரை வெள்ளி. ல, ள மாறினாலும் அரை. சொல்லின் முதலில் இகரம் சேர்ந்தால் கால் வெள்ளி போதுமா என்று பார்க்கிறேன்.