வரவும் இருப்பும்

தில்லியின் மார்கழிப் பனியைப் பற்றி நம் அன்பர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சென்ற ஆண்டு அப்பனியில், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊரிலிருந்து வரும் தாயாரை அழைத்துவர நாங்கள் விடியுமுன்னரே காரில் புறப்பட்டோம். ஆர்.கே.புரத்தைக் கடந்து சாந்தி பத் சாலையை அடைந்தபோது, முகப்பில் பாட்டரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. முன்விளக்குகள் மங்கின, கண்ணாடித் துடைப்பான் தளர்ந்தது, சற்றுத் தொலைவில் வண்டியே நின்றுவிட்டது. 78 வயதுத் தாயார் புது தில்லி ரயிலடியில் ஒரு மணி நேரம் குளிரில் நடுங்கியிருந்தார்.

பாட்டரி தீர்ந்துவிட்டதென்று முடிவு கட்டி, அன்றே புதியது வாங்கிப் பொருத்தினோம். நான்காம் நாள் அதுவும் அடங்கியது. அதன் பின்னரே முதிய மிஸ்திரி ஒருவரை நாடினோம்.

அவர் பாட்டரிக்கு மின்னேற்றி, அதன் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தார். என்ஜின் ஓடாதபோது, நன்கு ஏறிய பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை உயர வேண்டும். எங்கள் வண்டியில் அது உயரவேயில்லை. விளக்கைப் போட்டதும் 12க்கும் கீழே இறங்கிற்று. பெல்ட் தளரவில்லை, கம்பிகளும் அறவில்லை. ஆகவே, என்ஜினின் சுழற்சியால் மின்சாரம் ஆக்கித் தரும் ஆல்டர்னேட்டரே பழுது என்றார்.

"என்ஜின் ஓடும்போதே பாட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கலாமே" என்றோம். அவர் கையைத் தடுத்தார். அது பழைய டைனமோ வண்டிகளின் காலத்து வழக்கம். இக்கால வண்டியில் அவ்வாறு செய்தால் மின்னழுத்தம் திடீரென எகிறி, டயோடுகளையும் பிற மின்னணுக் கருவிகளையும் கெடுத்துவிடுமாம்.

கார்பன் பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மாற்றினால் போதும். எங்களுடையதில் சுருளே கருகியிருந்தது. பழையதைக் கையோடு எடுத்துச் சென்று, காஷ்மீரி கேட் உதிரிப்பாகக் கடைகளில் அதற்கு ஒத்ததை வாங்கினோம். மிஸ்திரி முதலில் பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றினார். பிறகு பெல்ட்டைத் தளர்த்திப் பழையதை இறக்கிப் புதியதை ஏற்றினார். மீட்டர் 14.2 காட்டியது. நாங்கள் பழி சுமத்தி ஒதுக்கிய பழைய பாட்டரியும், மின்னேற்றியபின் குறையற்றதாகவே விளங்கிற்று!

புதிய பெட்டியின் மேல் சென்னைப் பாடியின் பெயர் இருந்தது. 1961இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கேதான் உள்ளது. "இதுவும் நம்மைப் போல் பிழைக்க வந்ததுதானா?" என்று தாயார் நகைத்தார். பிறகு, "வரவு நின்றுபோனால் இருப்பு எத்தனை நாள் தாங்கும்? நீங்கள் பணப்பெட்டியை மாற்றிவிட்டு, வருமானம் நின்றதைப் பாராமல் இருந்தீர்கள்" என்றார்.

சம்பளத்தை நம்பித் தொலைதூரம் வந்து குடித்தனம் நடத்தும் நமக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல இயலும்? அன்பர்களே, சிவப்பு விளக்கு எரிந்தால், பாட்டரி வாங்குமுன் வோல்ட்டை அளந்து பாருங்கள். பனிக்காலம் வருமுன்னரே அதைச் செய்துவிடுதல் இன்னும் நன்று. உங்களுக்காகவும் ரயிலடியில் யாரேனும் காத்திருக்கக்கூடும்.